நிறம் பார்த்து அடை வைப்பது எப்படி?

கோழி அடைக்கு உட்கார்ந்த பிறகு குஞ்சின் நிறத்தைப் பற்றி யோசித்துப் பயனில்லை. அடைக்கோழி தருவது சூடு மட்டும்தான். நிறம் முட்டையிட்ட பெட்டையிடமிருந்தும் அதை மிதித்த சேவலிடமிருந்தும் வருகிறது. போச்சம்பள்ளி சந்தையில் நல்ல சேவல் பிடித்துவந்து விட்டாலும் பழைய சேவலின் விந்து பெட்டைக்குள் இரண்டு வாரம், சிலசமயம் மூன்று வாரம்கூடத் தங்கும். அதனால் பழையதைப் பிரித்து 21 நாள் கழித்து இடும் முட்டையைத்தான் சேர்க்க வேண்டும்.

சில நிறங்கள் தாயிடமிருந்து ஆண் குஞ்சுக்கு மட்டும் போகும். வரிவரியாக இறகுள்ள பெட்டையோடு வரியில்லாத கருப்பு அல்லது சிவப்புச் சேவலைச் சேர்த்துப் பாருங்கள். பொரிக்கும் கருங்குஞ்சில் உச்சந்தலையில் வெள்ளைப் பொட்டு இருந்தால் சேவல், இல்லாவிட்டால் பெட்டை. முதல் நாளே பிரித்துவிடலாம். வரியுள்ள சேவலை வைத்தால் இந்த வித்தை பலிக்காது. இரண்டு வண்ணக் கோழிகளுக்கு வெள்ளைக் குஞ்சு பிறந்தால் பக்கத்து வீட்டுச் சேவல்மேல் பழி போடாதீர்கள். தாய் தகப்பன் இரண்டிலும் வெள்ளை மறைந்திருந்தால் நான்கில் ஒன்று அப்படி வரலாம். கருப்பை வெளிறச் செய்யும் ஒற்றை மரபணுவால் வந்த சாம்பல் நிறத்தை அதே சாம்பலோடு சேர்த்தாலும் பாதிதான் சாம்பலாக வரும். மீதியில் பாதி கருப்பு, பாதி திட்டுத்திட்டான வெளிர் நிறம்.

முட்டை ஏழு நாளுக்கு மேல் பழசாகக் கூடாது. கழுவாமல், கூர்முனை கீழே இருக்கும்படி வையுங்கள். அரூர்ப் பக்கம் சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுக்குள்ளேயே கரு பாதி வளர்ந்து செத்துப்போகும். ஈர மணல் பரப்பிய மண்பானையில் மேலே துணி விரித்து, முட்டையில் ஈரம் படாமல் வைத்தால் தாங்கும்.

கோழி கூட்டை விட்டு எழாமல், கை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக் கொத்துகிறதா? இரண்டு நாள் பொய்முட்டை வைத்துப் பார்த்து, அது நிலைத்த பின் இராத்திரியில் நல்ல முட்டைகளை மாற்றுங்கள். அகலக் கூடையில் மணல், அதன்மேல் ராகி வைக்கோல், பேனுக்கு ஒரு பிடி வேப்பிலை. சிறுவிடை என்னும் சின்ன நாட்டுக்கோழிக்குப் பத்து முட்டை அளவு. தளி, ஓசூர் குளிரில் மார்கழி மாதம் எட்டோடு நிறுத்துங்கள். ஓரத்து முட்டை விறைத்துவிடும். இடிக்குக் கூமுட்டையாகும் என்று இரும்புத் துண்டு வைப்பவர்கள் வைக்கட்டும், கெடுதலில்லை. ஆனால் பெரும்பாலான கூமுட்டை சேவல் சேராததாலோ சூட்டில் கிடந்ததாலோதான்.

ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்திக் கால் போல இரத்த நரம்பு ஓடினால் கரு பிடித்திருக்கிறது. நரம்பு எதுவும் இல்லாமல் முட்டை முழுக்கத் தெளிவாக இருந்தால் அதை எடுத்துவிடலாம். தினமும் ஒருமுறை கோழி தானே இறங்கி, கால் மணி நேரத்தில் கம்பு தின்று, தண்ணீர் குடித்து, எச்சம் போட்டுவிட்டு வர வேண்டும். இறங்காத கோழியைத் தூக்கி விடுங்கள். கூட்டிலேயே கழிந்தால் முட்டை அழுகும். 18ஆம் நாளுக்குப் பின் முட்டையைத் தொடாதீர்கள். 21ஆம் நாள் ஓடு கீறியும் வெளியே வராத குஞ்சை உரித்து எடுக்காதீர்கள், இரத்தம் கசிந்து செத்துவிடும். ஒரு நாள் முழுக்கப் பொறுங்கள்.

அடை வைக்க வேண்டாம் என்றால், அடையைக் கலைக்கக் கோழியின் மூக்கில் இறகு குத்துவது வீண் வதை. கம்பி வலை அடித்தளம் உள்ள கூண்டில், தீனி தண்ணீரோடு, மூன்று நான்கு நாள் விட்டால் வயிற்றில் காற்றுபட்டு அடை தெளிந்துவிடும்.