பழைய சின்ன டிராக்டர்: கொக்கியிலும் லிப்ட்டிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால், கொட்டகையில் கிடந்த பழைய சின்ன டிராக்டர்களும் தொளி உழவுக்கு, அதாவது நடவுக்கான சேற்று உழவுக்கு, இறங்கிவிடும். எஞ்சினையும் டயரையும் பார்த்துக்கொள்கிறோம். பின்னால் இருக்கும் கொக்கியையும், கலப்பையைத் தூக்கி இறக்கும் லிப்ட்டையும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆளைக் கொல்லும் தவறுகள் அங்கேதான் நடக்கின்றன.

எல்லாவற்றிலும் மோசமானது, டாப் லிங்க் (கலப்பையை மேலே பிடிக்கும் தண்டு) மாட்டும் இடத்தில் சங்கிலியைக் கட்டி இழுப்பது. இழுவை பின் அச்சுக்கு மேலே இருந்து, பாரமும் நகராமல் நின்றால், சக்கரத்தைச் சுற்ற வேண்டிய விசை வண்டியின் முன்பக்கத்தையே மேலே தூக்கிவிடும். கிளட்சை மிதிக்கலாம் என்று நினைப்பதற்குள் வண்டி ஓட்டுபவர் மேல் மல்லாந்துவிடும். முன்பக்கம் எடை குறைந்த சின்ன வண்டி இன்னும் சுலபமாக எழும்பும். கீழே இருபுறமும் உள்ள லோயர் லிங்க் தண்டுகள் இரண்டுக்கும் குறுக்கே கம்பி போட்டு, அதைத் தூக்கி வைத்து இழுப்பதும் அதே ஆபத்துதான். அச்சுக்குக் கீழே உள்ள டிராபாரில் (இழுவைக் கம்பியில்) மட்டும் கட்டுங்கள். சேற்றில் புதைந்த வண்டியின் பின்சக்கரத்தில் கட்டையைக் கட்டி ஏறப் பார்ப்பதும் கூடவே கூடாது. கட்டை பூமியில் ஊன்றிக்கொண்டால் வண்டி அப்படியே நிமிர்ந்துவிடும். கலப்பையைக் கழற்றுங்கள், சக்கரத்துக்குப் பின்னால் சேற்றை வெட்டுங்கள், வந்த தடத்திலேயே ரிவர்ஸ் எடுங்கள். வரவில்லையா, வேறு வண்டியை வைத்து இழுங்கள். அரை நாள் உழவு போனால் போகட்டும்.

லிப்ட் தூக்கவில்லை என்றதும் பம்பைக் கழற்றுபவர்கள் நிறைய. பழைய பெர்குசன் வகை வண்டிகளில் பி.டி.ஓ. தண்டுதான் (எஞ்சின் சக்தியைப் பின்னால் உள்ள கருவிக்குக் கொடுக்கும் தண்டு) பம்பை ஓட்டுகிறது. பி.டி.ஓ. லீவர் விலகியிருந்தால் லிப்ட் அசையாது. அதைப் பார்த்தபின், லிப்ட்டை இறக்கி, மட்டமான தரையில் நிறுத்தி ஆயில் அளவைப் பாருங்கள். ஆயில் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பல பழைய வண்டிகளில் கியருக்கும் லிப்ட்டுக்கும் ஒரே ஆயில் என்பதால், மாற்றாமல் ஓட்டினால் பேரிங்கும் சேர்ந்து போகும். கலப்பையைத் தூக்கி எஞ்சினை நிறுத்தியதும் அது தானாக இறங்கினால் பம்பைக் குறை சொல்லாதீர்கள். சிலிண்டர் சீலோ வால்வோ கசிகிறது. கூடுதல் பாரம் தூக்கட்டும் என்று அழுத்தம் மிஞ்சாமல் காக்கும் ரிலீப் வால்வை இறுக்கிவிடும் வேலையை எந்த மெக்கானிக் சொன்னாலும் கேட்காதீர்கள்.

தொளியில் டிராப்ட் லீவரை வைத்து ரோட்டவேட்டர் (சுழலும் பிளேடால் மண்ணைக் கலக்கும் கருவி) ஓட்டுவது நம் பக்கத்தில் சகஜம். டிராப்ட் என்பது மண்ணின் இழுவையை உணர்ந்து கலப்பையை ஏற்றி இறக்கும் அமைப்பு. கோடை உழவுக்கு ஏற்றது. சேற்றில் அதற்கு நிலையான இழுவை கிடைக்காது, ஆழம் மாறிக்கொண்டே இருக்கும். ஆழம் மிஞ்சினால் அடியில் இறுகிய தளம் உடைந்து தண்ணீர் நிற்காமல் இறங்கும், அடுத்த நடவில் சக்கரமும் புதையும். குறுவைக்கும் தாளடிக்கும் கருவியை வைத்த உயரத்திலேயே நிறுத்தும் பொசிஷன் லீவரே போதும்.

சேற்றுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரம் (கேஜ் வீல்) மாட்டியிருந்தால், பக்கவாட்டுச் செயின் தளர்ந்து லிங்க் சக்கரத்தில் இடிக்கிறதா என்று பாருங்கள். லிங்க்கைக் கோக்கும் பின்னுக்கு (pin) பதில் கடை போல்ட்டைச் செருகாதீர்கள். முதல் வகை (கேட்டகரி 1) இணைப்புக்கு லோயர் லிங்கில் 22 மி.மீ., டாப் லிங்கில் 19 மி.மீ. பின் வேண்டும். ஹோஸ் கசிவை விரலால் தடவிப் பார்க்கவும் வேண்டாம், அழுத்தத்தில் பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். அட்டையைக் காட்டிப் பாருங்கள்.

பிளேடில் சுற்றிய வைக்கோலை எடுக்க, தூக்கிய ரோட்டவேட்டருக்கு அடியில் குனிவதற்கு முன் எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்து, கனமான கட்டையை முட்டுக்கொடுங்கள். லிப்ட்டை நம்பித் தலையை உள்ளே விடாதீர்கள்.