திறமூல மென்பொருளுக்கு வில்லங்கம் பார்ப்பது எப்படி

மனை வாங்குகிறவர் பத்திரத்தை மட்டும் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுப்பதில்லை. வில்லங்கச் சான்று எடுக்கிறார், பட்டா யார் பேரில் இருக்கிறது என்று பார்க்கிறார், நேரில் போய் அளந்தும் பார்க்கிறார். அடுத்த பத்து வருடம் கம்பெனியே எதன் மேல் நிற்கப்போகிறதோ அந்த டேட்டாபேஸை மட்டும், நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் எத்தனை நட்சத்திரம் என்று பார்த்து ஒரே மதியத்தில் முடிவு செய்துவிடுகிறோம். ரெடிஸ் என்ற டேட்டாபேஸுக்கும், சர்வர்களை அமைக்கும் டெர்ராஃபார்ம் என்ற கருவிக்கும் நட்சத்திரத்தில் குறைவே இல்லை. இரண்டும் லைசென்ஸை மாற்றின.

தனியாக சட்டப் பிரிவு எதுவும் இல்லாத, ஐந்து முதல் இருபது பேர் வேலை செய்யும் குழுவுக்கான வழிமுறை இது. அரை நாள் பிடிக்கும். பட்டனின் நிறம் மாற்றும் நூலகத்துக்கு இவ்வளவும் வேண்டாம். டேட்டாபேஸ், தேடல் எஞ்சின், லாகின், டெப்ளாய்மென்ட் கருவி என்று பிடுங்கினால் வலிக்கும் இடங்களுக்கு மட்டும் செய்யுங்கள்.

லைசென்ஸ்: இருபது நிமிடம் போதும்

ரெப்போவின் (நிரல் இருக்கும் களஞ்சியத்தின்) ஓரத்தில் கிட்ஹப் காட்டும் லைசென்ஸ் பெயரோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அது கோப்பைப் பார்த்து இயந்திரம் செய்யும் ஊகம். எந்தப் பதிப்பை நிறுவப்போகிறீர்களோ அந்த டேக்கை (அந்தப் பதிப்புக்கு ஒட்டிய அடையாளப் பெயரை) தேர்ந்தெடுத்து, அதில் உள்ள லைசென்ஸ் கோப்பைத் திறந்து முழுவதும் படியுங்கள். மெயின் கிளையில் ஒன்றும், போன வருடத்து டேக்கில் இன்னொன்றும் இருப்பது சகஜம்.

வழுக்கும் இடங்கள் சில உண்டு. கிட்ஹப் போன்ற இன்னொரு கருவியான கிட்லாபின் நிரலில் 'இஇ' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. வெளியே தாராளமான எம்ஐடி லைசென்ஸ், அந்த ஃபோல்டருக்குள் மட்டும் வணிக லைசென்ஸ். இதே அமைப்பைப் பல கம்பெனிகள் கையாள்கின்றன. ஆகவே கோப்பின் முதல் பத்தியில் 'இன்ன பகுதிகளுக்கு மட்டும்' என்ற தொனி தெரிந்தால், உங்களுக்கு வேண்டிய வசதி (பெரும்பாலும் சிங்கிள் சைன்-ஆன், ஆடிட் லாக்) எந்தப் பக்கம் இருக்கிறது என்று தேடுங்கள்.

இன்னொன்று பெயர்க் குழப்பம். பிஎஸ்டி என்பது பழைய, தாராளமான லைசென்ஸ். பேச்சில் 'பிஎஸ்எல்' என்று சொல்லப்படும் பிசினஸ் சோர்ஸ் லைசென்ஸ் திறமூலமே அல்ல. லைசென்ஸ் ஸ்கேனரின் அறிக்கையில் வரும் 'பிஎஸ்எல்-1.0' இந்த இரண்டும் அல்ல: அது பூஸ்ட் லைசென்ஸ், பயப்பட ஒன்றுமில்லை. பிசினஸ் சோர்ஸ் அங்கே 'பியுஎஸ்எல்-1.1' என்று வரும். அப்படி வந்தால் கூடுதல் பயன்பாட்டு அனுமதி என்ற பத்தியைத் தேடிப் படியுங்கள். உங்கள் தொழில் அதற்குள் அடங்குகிறதா என்பதே கேள்வி. ஒவ்வொரு பதிப்பும் வெளியாகி அதிகபட்சம் நான்கு வருடத்தில் திறமூலமாக மாறிவிடும் என்பது அந்த லைசென்ஸின் விதி. நான்கு வருடம் பாதுகாப்புத் திருத்தம் காணாத டேட்டாபேஸை வைத்து என்ன செய்வது என்பது வேறு விஷயம்.

சட்டம் படிக்க நேரமில்லையா? டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பின் மெயின் களஞ்சியத்தில் அந்த மென்பொருள் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே சேர்ப்பதற்கு முன் கோப்பு வாரியாகக் காப்புரிமை (காப்பிரைட்) பார்ப்பார்கள். 2018 அக்டோபரில் மாங்கோடிபி என்ற டேட்டாபேஸ், ஏஜிபிஎல் என்ற திறமூல லைசென்ஸிலிருந்து திறமூலமாக ஏற்கப்படாத எஸ்எஸ்பிஎல்லுக்குத் தாவியபோது டெபியனும், இன்னொரு லினக்ஸ் தொகுப்பான ஃபெடோராவும் அதை எடுத்துவிட்டன. அங்கே இல்லாததெல்லாம் தப்பு என்றில்லை; ஆனால் முன்பு இருந்து பிறகு காணாமல்போயிருந்தால் காரணத்தைக் கேளுங்கள்.

ஏஜிபிஎல் என்றதும் பதறி ஓடுகிறவர்கள் உண்டு. நிரலை மாற்றாமல் அப்படியே ஓட்டினால் உங்களுக்குப் பெரிதாக எந்தக் கடமையும் வராது. நிரலை மாற்றி, அதை நெட்வொர்க் வழியே பிறர் பயன்படுத்தக் கொடுத்தால், மாற்றிய நிரலை அவர்களுக்குத் தர வேண்டும். அவ்வளவுதான். அதே நிரலை உங்கள் சொந்தப் பொருளோடு ஒன்றாகக் கோர்த்து விற்கப்போகிறீர்கள் என்றால் மட்டும் வழக்கறிஞரிடம் போங்கள்.

பட்டா யார் பேரில்?

நேரத்தில் பாதியை இங்கே செலவழியுங்கள். லைசென்ஸ் இன்றைய நிலையைத்தான் சொல்லும். நாளைக்கு அதை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதைக் காப்புரிமைதான் சொல்லும்.

ரெப்போவில் பங்களிப்பு விதிகள் உள்ள கோப்பைத் திறந்து, சிஎல்ஏ (பங்களிப்பவர் கையெழுத்திடும் உரிம ஒப்பந்தம்) கேட்கிறார்களா, டிசிஓ (நிரலின் மூலத்துக்கான உறுதிமொழி) கேட்கிறார்களா என்று பாருங்கள். டிசிஓ என்றால் 'இது என் நிரல், இதைத் தர எனக்கு உரிமை உண்டு' என்று கமிட்டின் (பதிவு செய்யும் ஒவ்வொரு மாற்றத்தின்) அடியில் ஒரு வரி கையெழுத்து, அவ்வளவே. லினக்ஸ் கெர்னல் 2004 முதல் அப்படித்தான் நடக்கிறது. ஆயிரக்கணக்கானவர்கள் ஆளுக்கொரு துண்டு நிலத்துக்குப் பட்டா வைத்திருப்பது போல. அத்தனை பேரையும் உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கி அதன் லைசென்ஸான ஜிபிஎல்லை மாற்ற யாராலும் முடியாது.

சிஎல்ஏ வேறு வகை. அதில் மறு-லைசென்ஸ் கொடுக்கும் உரிமையைப் பற்றிய வாக்கியத்தைக் கண்டுபிடியுங்கள். 'எந்த நிபந்தனையிலும்' என்ற பொருள் வந்தால், எழுதியவர் எல்லாரும் கம்பெனிக்குப் பவர் ஆஃப் அட்டர்னி எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். 2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் கம்பெனி தன் டெர்ராஃபார்மை எம்பிஎல் என்ற திறமூல லைசென்ஸிலிருந்து பிசினஸ் சோர்ஸுக்கு ஒரே அறிவிப்பில் மாற்ற முடிந்தது இதனால்தான். அப்பாச்சி அறக்கட்டளையும் விரிவான சிஎல்ஏ வாங்குகிறது. ஆனால் அங்கே வாங்குவது லாப நோக்கற்ற அமைப்பு. வாசகம் ஒன்றுபோல இருந்தாலும், கையில் வைத்திருப்பவர் யார் என்பதில் எல்லாம் மாறிவிடுகிறது.

எம்ஐடி, பிஎஸ்டி போன்ற தாராள லைசென்ஸ்களில் சிஎல்ஏகூடத் தேவையில்லை. அடுத்த பதிப்பை யார் வேண்டுமானாலும் மூடலாம். 2009-இல் தொடங்கி பிஎஸ்டியில் இருந்த ரெடிஸ், 2024 மார்ச்சில் 7.4 முதல் வேறு லைசென்ஸ் என்று அறிவித்தது. ஆனால் அதே தாராளம் மற்றவர்களுக்கும் உண்டு: சில நாட்களுக்குள் 7.2.4-ஐ வைத்து லினக்ஸ் ஃபவுண்டேஷன் கூரையின் கீழ் வால்கி என்ற ஃபோர்க் (பழைய நிரலிலிருந்து பிரிந்த தனித் திட்டம்) பிறந்தது. 2025 மே மாதம் ரெடிஸ் 8-இல் ஏஜிபிஎல்லும் ஒரு தெரிவாகத் திரும்பி வந்தது. தேடல் எஞ்சின் கம்பெனியான எலாஸ்டிக்கும் 2021-இல் போய், 2024-இல் அதே ஏஜிபிஎல் வழியாகத் திரும்பியது. மனம் மாறியதில் சந்தோஷம்தான்; போய்விட்டு வரும் அதிகாரம் இன்னமும் ஒரே கையில்தான் இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே என் வரிசை இது. பல பேர் காப்புரிமை வைத்திருக்கும், சிஎல்ஏ இல்லாத ஜிபிஎல் வகை மிகவும் கெட்டி. அடுத்தது, எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத தாராள லைசென்ஸ். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இதற்கு நல்ல உதாரணம். கடைசி இடம், ஒரே பொருளை நம்பி வென்ச்சர் கேப்பிட்டல் பணம் வாங்கிய கம்பெனியும் சிஎல்ஏவும் சேர்ந்து இருப்பது. அந்தக் கம்பெனி நேர்மையானதுதானா என்பது இங்கே கேள்வியே அல்ல. முதலீட்டாளர் திரும்பக் கேட்கும் நாளில் கையில் வேறு சொத்து இல்லாவிட்டால், இருக்கிற ஒன்றைத்தான் விற்பார்கள்.

உழுகிறவர் எத்தனை பேர்?

ரெப்போவை முழுதாக இறக்கி, யார் எத்தனை மாற்றம் செய்தார்கள் என்று காட்டும் கிட் ஷார்ட்லாக் கட்டளையை எண்ணிக்கை வரிசையில், மின்னஞ்சலோடு, கடந்த ஒரு வருடத்துக்கு மட்டும் ஓட்டுங்கள். மெர்ஜ் கமிட்களை (பிறர் எழுதியதை இணைக்கும் பதிவுகளை) விலக்கும் தெரிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்க்காவிட்டால் பட்டன் அழுத்தியவர் நிரல் எழுதியவர் போலத் தெரிவார். டிபென்டாபாட், ரெனோவேட் போன்ற தானியங்கி பாட்களைக் கழியுங்கள். ஒரே ஆள் இரண்டு மின்னஞ்சலில் இரண்டு பேராக நிற்பார், ஒன்றாக்குங்கள். மிஞ்சிய பட்டியலில் மின்னஞ்சலின் பின்பாதியைப் பாருங்கள். முதல் பத்து பேரில் ஒன்பது பேர் ஒரே கம்பெனி முகவரி என்றால், அந்தக் கம்பெனியின் பட்ஜெட் கூட்டம்தான் உங்கள் மென்பொருளின் ஆயுள் ரேகை. பலர் கிட்ஹப்பின் மறைவு முகவரியை வைத்திருப்பார்கள். அவர்களுடைய ப்ரொஃபைலைத் திறந்து பார்க்க வேண்டியதுதான்.

ஒரு ஆளே எண்பது சதவீதம் எழுதுகிறார் என்றால் உடனே ஒதுக்க வேண்டியதில்லை. இந்த வரியில் 'கொ' என்ற எழுத்து கொம்பு முன்னும் கால் பின்னுமாகச் சரியாக உட்கார்ந்திருந்தால், அதற்கு ஹார்ஃப்பஸ் என்ற நூலகம் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆண்ட்ராய்டு, குரோம், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆஃபீஸ் எல்லாவற்றிலும் எழுத்தைக் கோர்ப்பது அதுதான். அதன் பெரும்பகுதி வேலையைச் செய்கிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் அது கெட்டியாக நிற்கிறது. பெரிய பயனாளர்கள் அதைத் தாங்கிப்பிடிக்கிறார்கள். தனி ஆள், தாங்குவோர் யாருமில்லை, களைப்பு தெரிகிறது: இந்த மூன்றும் சேர்ந்தால்தான் ஆபத்து.

கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற மென்பொருளில் நடந்தது அதுதான். தனியாகத் தள்ளாடிய ஒரு பராமரிப்பாளருக்கு உதவ வந்தவர் போல ஒருவர் இரண்டு வருடத்துக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து, நம்பிக்கை பெற்று, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் வைத்தார். போஸ்ட்கிரெஸ் டெவலப்பர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழையும் எஸ்எஸ்ஹெச் லாகின் அரை வினாடி தாமதமாவதைக் கவனித்து 2024 மார்ச் 29 அன்று அம்பலப்படுத்தினார்.

கட்டிப் பாருங்கள்

சுத்தமான கன்டெய்னர் (தனித்து ஓடும் சூழல்) ஒன்றில், கிட் டேக்கிலிருந்து, அவர்களுடைய ஆவணத்தை மட்டும் வைத்துக்கொண்டு பில்ட் செய்து, டெஸ்ட்களை ஓட்டுங்கள். கெடு இரண்டு மணி நேரம். அதற்குள் முடியவில்லை என்றால், ஃபோர்க் செய்யும் உரிமை உங்களுக்குக் காகிதத்தில் மட்டுமே இருக்கிறது. வழக்கமாக முட்டும் இடங்கள்: கம்பெனிக்குள் மட்டும் கிடைக்கும் பேஸ் இமேஜ், ரெப்போவில் இல்லாத ஜெனரேட்டட் கோப்புகள், எந்தப் பதிப்பு கம்பைலர் என்று எங்கேயும் சொல்லாமல் விடுவது.

டார்பாலை (வெளியீட்டுக்கென்று கட்டித் தரும் சுருக்கப்பட்ட கோப்பை) விட்டு டேக்கிலிருந்து கட்டச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எக்ஸ்இசட்டில் பின்வாசலைத் தட்டி எழுப்பும் பில்ட் ஸ்கிரிப்ட் வெளியீட்டு டார்பாலில் மட்டும் இருந்தது, கிட்டில் இல்லை. ஆட்டோடூல்ஸ் என்ற பில்ட் கருவியால் செய்த டார்பாலில் தானாக உருவான கோப்புகள் கூடுதலாக இருப்பது வழக்கம் என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை.

சார்புகளையும் (அந்த மென்பொருள் நம்பியிருக்கும் பிற நூலகங்களையும்) ஒருமுறை விரித்துப் பாருங்கள். சிஃப்ட் என்ற கருவியால் பட்டியல் எடுத்து, தெரிந்த ஓட்டைகளைத் தேடும் ஓஎஸ்வி ஸ்கேனருக்குக் கொடுத்தால் பத்து நிமிட வேலை. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா நூலகத்தின் ஓட்டை வெளியானபோது பலருக்குத் திருத்துவதைவிடக் கஷ்டமாக இருந்தது, அது தங்களிடம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான். மூன்றாம் நான்காம் அடுக்கில் ஒளிந்திருந்தது. பதினொரு வரி நூலகம் ஏதாவது கண்ணில் பட்டால் அதை நீங்களே எழுதிவிடுங்கள். 2016-இல் லெஃப்ட்-பேட் என்ற நூலகம், ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களின் களஞ்சியமான என்பிஎம்மிலிருந்து நீக்கப்பட்டபோது உலகெங்கும் பில்ட்கள் உடைந்தன. அதன் அளவு பதினொரு வரிதான். லாக் ஃபைல் (எந்தப் பதிப்பு வேண்டும் என்று பூட்டும் கோப்பு) மட்டும் அன்று காப்பாற்றியிருக்காது, ஏனென்றால் இறக்க வேண்டிய பொருளே அங்கே இல்லை. உள்ளூரில் ஒரு மிரர் (களஞ்சியத்தின் நகல்) வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள்.

வெளியே போகும் வழி

நிறுவுவதற்கு முன்பே ஒருமுறை வெளியேறிப் பாருங்கள். சோதனைத் தரவை ஏற்றி, ஏற்றுமதி செய்து, மாற்று மென்பொருளில் இறக்குங்கள். பெரும்பாலானோர் செய்யாத படி இதுதான்.

லைசென்ஸ் மாறும்போது பழைய பதிப்பு உங்களிடமிருந்து பறிபோவதில்லை. ஃபோர்க் பிறக்கும் புள்ளியில் இரண்டும் அச்சுக்கு அச்சு ஒன்றுதான். பிறகு ஒவ்வொரு அப்கிரேடும் கதவை ஒரு விரல் மூடும். ரெடிஸ் 7.2 வரையிலான ஆர்டிபி கோப்பை (தரவைச் சேமிக்கும் கோப்பை) வால்கி அப்படியே படிக்கும். 7.4-இல் கோப்பு வடிவம் மாறிவிட்டது. அதற்குப் போனவர்கள் கோப்பைத் தூக்கி வைத்து மாறிவிட முடியாது, சாவி சாவியாக நகல் எடுக்க வேண்டும். டெர்ராஃபார்மில் எம்பிஎல்லில் வந்த கடைசிப் பதிப்பு 1.5.7. அங்கேயே நின்றவர்களுக்கு அதன் ஃபோர்க்கான ஓபன்டோஃபுவுக்கு மாறுவது மிக எளிது. மேலே போகப்போகச் சிக்கல்.

நடைமுறையில் இதைக் கெடுப்பது ஒரே ஒரு சொல்: டாக்கர் இமேஜில் (கன்டெய்னரை ஓட்ட எடுக்கும் தொகுப்பில்) 'லேட்டஸ்ட்' என்ற டேக். யாரும் முடிவெடுக்காமலே, ஒரு இரவு ரீஸ்டார்ட்டில், புது லைசென்ஸும் புது கோப்பு வடிவமும் வந்து உட்கார்ந்துவிடும். பதிப்பு எண்ணையும் டைஜஸ்டையும் (அந்த இமேஜின் கைரேகை போன்ற எண்ணையும்) சேர்த்துப் பூட்டுங்கள். லைசென்ஸ் மாற்ற அறிவிப்பு வந்த அன்றே தானியங்கி அப்டேட்டை நிறுத்துங்கள், பழைய பதிப்புக்கு எத்தனை மாதம் பாதுகாப்புத் திருத்தம் தருவார்கள் என்று பாருங்கள். அந்த மாதங்கள்தான் உங்கள் அவகாசம். முதல் வாரத்திலேயே ஃபோர்க்குக்குத் தாவ வேண்டாம். யார் சம்பளத்தில் யார் வேலை செய்கிறார்கள் என்பது தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். அதற்கும் அதே ஷார்ட்லாக் கட்டளைதான்.

பார்த்ததை எல்லாம் உங்கள் ரெப்போவிலேயே ஒரு பக்கக் கோப்பாக எழுதிவையுங்கள்: பதிப்பு, அந்த டேக்கின் லைசென்ஸ், சிஎல்ஏ உண்டா, முதல் ஐந்து பேர் எந்தக் கம்பெனி, பில்ட் ஆக எவ்வளவு நேரம், மாற்று எது, பார்த்த தேதி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இருபது நிமிடம் அதைத் திருத்துங்கள். இடையில் புதிதாக சிஎல்ஏ முளைத்தாலோ, கம்பெனி கைமாறினாலோ, தொடங்கியவர் விலகினாலோ, ஆறு மாதம் காத்திராமல் அன்றே திறங்கள்.