கிரேஸிஹவுஸுக்கும் த்ரீ-செக்குக்கும் ஓப்பனிங் புக் கட்டுவது எப்படி

ஓப்பனிங் புக் என்பது ஆட்டத் தொடக்கத்தில் எந்த நிலைக்கு எந்த நகர்வு என்று கணினி பார்த்து ஆடும் பட்டியல். அதைக் கட்ட, சாதாரணச் செஸ்ஸுக்கான பாலிகிளாட் கருவியை அப்படியே வேரியன்ட்டுக்கு, அதாவது விதி மாறிய செஸ்ஸுக்கு, எடுத்தால் முதல் அடியிலேயே சறுக்கும். பாலிகிளாட் பதிவு ஒன்றுக்கு 16 பைட்: நிலையின் சாவிக்கு (அந்த நிலையை அடையாளம் காட்டும் எண்ணுக்கு) 8, நகர்வுக்கு 2, எடைக்கு 2, கற்றலுக்கு 4. சாவி 781 எண்களிலிருந்து வருகிறது: எந்தக் காய் எந்தக் கட்டத்தில் என்பதற்கு 768, காஸ்லிங்குக்கு 4, ஆன்பாசானுக்கு (இரண்டு கட்டம் தாண்டிய சிப்பாயைப் போகிற போக்கில் வெட்டுவதற்கு) 8, யார் முறை என்பதற்கு 1. கிரேஸிஹவுஸில் வெட்டிய காய் யார் கையில் இருக்கிறது என்பதற்கு இதில் இடமில்லை. கையில் இருப்பதைப் பலகையில் இறக்கும் நகர்வை எழுதவும் வழியில்லை. மூன்று முறை செக் வைத்தவர் ஜெயிக்கும் த்ரீ-செக்கில் இது இன்னும் மோசம்: ஒரு செக் பாக்கி உள்ள நிலையும் மூன்று பாக்கி உள்ள நிலையும் ஒரே சாவிக்குள் விழும். வெட்டினால் சுற்றியுள்ள காய்களும் வெடிக்கும் அட்டாமிக்கிலும், ராஜா நடுக்கட்டத்தைப் பிடித்தால் ஜெயிக்கும் கிங் ஆஃப் தி ஹில்லிலும் பலகையே எல்லாவற்றையும் சொல்லிவிடுவதால் சாவி போதும். கருவிக்கு விதி தெரிந்திருந்தால் சரி.

எனவே சாவியை நாமே செய்துகொள்வது நல்லது. பைத்தான்-செஸ் என்ற நிரல் நூலகம் இந்த வேரியன்ட்களை அறியும். அதில் ஒவ்வொரு நிலையையும் இபிடி (நிலையை ஒரே வரியில் எழுதும் முறை) வரியாக எடுத்து, அந்த வரியையே சாவியாக வையுங்கள். கைக்காய்களும் செக் கணக்கும் அதிலேயே வந்துவிடும். இதற்கு அண்ணனான எஃப்இஎன் வரியின் கடைசி இரண்டு எண்கள், அதாவது அரைநகர்வுக் கணக்கும் நகர்வு எண்ணும், சாவியில் வரக்கூடாது. வந்தால் வேறு வரிசையில் வந்து சேரும் ஒரே நிலை இரண்டாகப் பிரியும். ஆன்பாசான் கட்டத்தையும் உண்மையில் வெட்ட முடியும்போது மட்டுமே எழுதுங்கள்.

ஆட்டங்களுக்கு லிச்செஸ் என்ற இணைய ஆட்டத் தளத்தின் மாதாந்திரக் கோப்புகள் உண்டு, வேரியன்ட் வாரியாக. சாதாரணச் செஸ் கோப்போடு ஒப்பிட்டால் இவை மிகச் சிறியவை. கூடலூர் பக்கம் விட்டுவிட்டு வரும் சிக்னலிலும் இறக்கிவிடலாம், ஆனால் விட்ட இடத்திலிருந்து தொடரும் டவுன்லோடரை வையுங்கள். இருவருக்கும் 2000-க்கு மேல் ரேட்டிங், மிக வேகமான புல்லட் ஆட்டம் வேண்டாம், முதல் 16 அரைநகர்வு (ஆளுக்கு 8 நகர்வு), குறைந்தது 3 ஆட்டத்தில் வந்த நகர்வு: இந்தச் சல்லடை தொடக்கத்துக்குப் போதும். எடை, வெற்றிக்கு 2, டிராவுக்கு 1.

இதோடு நிறுத்தினால் கிடைப்பது மனிதர்களின் பழக்கப் பட்டியல்தான். வேரியன்ட்களில் தியரி மெல்லியது. எதிராளி தடுக்கத் தெரியாததால் மட்டுமே ஜெயித்த பொறி நகர்வுகள் பெரிய எடையோடு உட்கார்ந்திருக்கும். ஆகவே ஒவ்வொரு கிளையின் கடைசி நிலையையும் வேரியன்ட்களும் ஆடத் தெரிந்த என்ஜினான ஃபேரி-ஸ்டாக்ஃபிஷிடம் கொடுத்து மதிப்பெண் வாங்குங்கள். அதை மினிமேக்ஸ் முறையில் (ஒவ்வொருவரும் தன் முறையில் தனக்குச் சிறந்ததையே ஆடுவார் என்று கொண்டு) அடியிலிருந்து மேலே ஏற்றி, சிறந்த நகர்வைவிட வெகுவாகத் தாழ்ந்ததை வெட்டுங்கள். எவ்வளவு தாழ்வு என்பதற்குச் சாதாரணச் செஸ் அளவை எடுக்காதீர்கள்; கிரேஸிஹவுஸில் மதிப்பெண் ஒரு நகர்வுக்குள் பெரிதாக ஆடும்.

மதிப்பீட்டுக்கு நேரத்தை அல்ல, நோடு (என்ஜின் அலசிப் பார்க்கும் நிலை) எண்ணிக்கையை வரம்பாக வையுங்கள். ஒரு த்ரெட், நிலைக்கு 10 லட்சம் நோடு, ஒவ்வொரு நிலைக்கும் முன் ஹேஷை (என்ஜின் பழைய அலசலைச் சேர்த்து வைக்கும் நினைவகத்தை) துடைப்பது. அப்போது குன்னூர் குளிரில் ஓடினாலும் மேட்டுப்பாளையம் வெயிலில் ஃபேன் அலறினாலும் விடை ஒன்றே. நொடிக்கு 10 லட்சம் நோடு பார்க்கும் லேப்டாப்பில் 5000 நிலைக்கு ஏறத்தாழ 83 நிமிடம். தென்மேற்குப் பருவக்காற்றில் மரம் சாய்ந்து மின்சாரம் போவது நீலகிரியில் சகஜம் என்பதால், ஒவ்வொரு நிலை முடிந்ததும் ஒரு வரியைக் கோப்பில் சேர்த்து உடனே டிஸ்க்கில் எழுதிவிடுங்கள். மறுபடி தொடங்கும்போது ஏற்கெனவே உள்ள சாவிகளைத் தாண்டிப் போகும்படி செய்தால் ராத்திரி வேலை வீணாகாது.

என்ஜின்களை மோதவிடும் சோதனைக்கான புக் தனி. அதற்கு வலுவான நகர்வு வேண்டாம், சமமான நிலை வேண்டும். என்ஜின்களை மோதவிடும் கருவியான கியூட்செஸ்ஸில் ஒவ்வொரு தொடக்கத்தையும் நிறம் மாற்றி இரண்டு முறை ஆடவிடுங்கள், குறிப்பாக வெள்ளைக்கு 36 சிப்பாய் உள்ள ஹோர்டில். தன் காய்களை எல்லாம் இழப்பவரே ஜெயிக்கும் ஆன்டிசெஸ்ஸில் ராஜா முன் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தினால் வெள்ளை ஜெயிக்கும் என்று 2016-ல் மார்க் வாட்கின்ஸ் நிறுவிவிட்டார். விளையாடும் புக்கில் வெள்ளைக்கு அது ஒன்றே போதும். சோதனைப் புக்கில் அதைச் சேர்க்கவே கூடாது.