ஜாஸ் ஃபியூஷன்: அடியிலிருந்து கேட்கப் பழகுவோம்

வாசிக்கும்போதே கற்பனையில் புதிதாக உருவாக்கும் ஜாஸின் மனோதர்ம வாசிப்பும், ராக் இசையின் மின் கிதாரும், ஃபங்க் இசையின் தாள ஓட்டமும் 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஒன்றுகலந்து பிறந்ததே ஜாஸ் ஃபியூஷன். டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1970இல் வெளியிட்ட 'பிட்சஸ் ப்ரூ' இதன் பெரும் படைப்புகளில் ஒன்று என்றாலும், புதிதாகக் கேட்பவர்களுக்கு அதை நான் முதலில் தரமாட்டேன். அது அடர்ந்த காடு.

முதலில் நல்ல ஹெட்ஃபோனும் அமைதியான இடமும் வேண்டும். ஏற்காடு பேருந்தில் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் கேட்டுக்கொண்டே ஏறியபோது, இஞ்சின் உறுமலில் பேஸ் எனப்படும் தாழ்ந்த அடியொலி முழுவதும் கரைந்து கீபோர்டு மட்டுமே மிஞ்சியது. அன்றிரவு சேலத்தில் மொட்டைமாடியில் அமர்ந்து கேட்டபோதுதான் பாட்டின் உடலே எனக்குக் கிடைத்தது.

இரண்டாவதாக, கீபோர்டு கலைஞர் ஹெர்பி ஹான்காக்கின் 'ஹெட் ஹன்டர்ஸ்' (1973) தொகுப்பிலுள்ள 'கமீலியன்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பதினைந்து நிமிடங்களுக்கு மேல் நீளும் அதன் தொடக்கத்தில், சிந்தசைசரில் வாசிக்கப்படும் ஒரு பேஸ் வரி மட்டும் திரும்பத் திரும்ப வரும்; அதன்மேல் டிரம்ஸ் சேரும், பிறகு மற்றவை ஒவ்வொன்றாக வந்தமரும். சேலம் அம்மாபேட்டையின் நெசவுத் தறிகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: நீளவாட்டு நூலான பாவு அசையாமல் நீண்டிருக்க, வேலைப்பாடு குறுக்கு நூலான ஊடையில் விழுகிறது. இங்கே பேஸ் வரியே பாவு. முதல் முறை அதை மட்டும் முணுமுணுத்தபடி கேளுங்கள். அடுத்த முறை டிரம்ஸை மட்டும். மூன்றாம் முறைதான் சாக்ஸபோனுக்கும் கீபோர்டுக்கும் செவி கொடுக்க வேண்டும். நடுவே அந்த வரி விலகி வேறு நடை தொடங்குமிடத்தில், சிறு சுத்தியல்கள் உலோகக் கம்பிகளைத் தட்ட மணியோசைபோல் ஒலிக்கும் ஃபெண்டர் ரோட்ஸ் என்ற மின் பியானோவைக் கவனியுங்கள். இந்தக் காலத்து ஃபியூஷனின் நிறத்தை எனக்கு முதலில் காட்டிய ஒலி அதுதான்.

மூன்றாவது, தாளம். கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினின் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா குழு 1973இல் வெளியிட்ட 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' பாட்டு பதினெட்டு எண்ணிக்கையில் சுழல்கிறது. நான்கு நான்காகத் தட்டினால் கை தடுமாறும். 'தகிட தகதிமி' என்று மூன்றும் நான்குமாக ஏழு எண்ணும் மிச்ர சாபு தாளம் போட்டுப் பழகிய கைக்கு, சமமற்ற கூறுகளைச் சேர்த்து எண்ணுவது புதிதல்ல.

இறுதியாக, அதே மெக்லாஃப்லின் எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, டி. எச். விநாயக்ராமின் கடம் ஆகியவற்றோடு இணைந்த 'சக்தி' குழுவின் 1976ஆம் ஆண்டுத் தொகுப்பைக் கேளுங்கள். மின் கிதார் ஒதுங்கிவிட்ட அந்த இசையில், கிதாரும் வயலினும் ஒரே சங்கதியை மின்னல் வேகத்தில் சேர்ந்து வாசிக்கும்போது, அவற்றை விட்டுவிட்டு அடியில் ஓடும் கடத்தைப் பின்தொடருங்கள்.