கல்நார் ஷீட் கூரையைப் பிரிப்பது எப்படி? சுத்தியலை எடுப்பதற்கு முன் படிக்க வேண்டியது

எங்கள் வீட்டு முன்தாழ்வாரத்தின் ஷீட்டைப் பிரித்தபோது நான் செய்த அத்தனையும் தவறு. சுத்தியலால் தட்டி உடைத்தோம். துண்டுகளை மேலிருந்து வாசலில் போட்டோம். மாலையில் தரையெங்கும் படிந்திருந்த வெள்ளைத் தூளை நானே தென்னந்துடைப்பத்தால் பெருக்கித் தள்ளினேன். மூக்கில் ஒரு கைக்குட்டைகூடக் கட்டவில்லை. சில ஆண்டுகள் கழித்துப் பின்கட்டுச் சமையலறையின் கூரையையும் மாற்ற வேண்டி வந்தது. அதற்குள் கொஞ்சம் படித்திருந்தேன், பயமும் வந்திருந்தது. இரண்டாவது முறை செய்த விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், சிமெண்ட் ஷீட், கல்நார் ஓடு என்று ஊருக்கு ஒரு பெயர் இருந்தாலும் பொருள் ஒன்றுதான். ஷீட்டின் பெரும்பகுதி சிமெண்ட். ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கல்நார் இழை. முனை உடைந்த பழைய ஷீட் ஒன்று வீட்டில் இருந்தால், கை வைக்காமல் வெயிலில் அதன் விளிம்பைப் பாருங்கள். நரைத்த தாடியைச் சரியாக மழிக்காமல் விட்டதுபோல மெல்லிய நார்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அவை கண்ணுக்குத் தெரியும் கற்றைகள். ஒவ்வொரு கற்றையும் மேலும் மேலும் பிரியக்கூடியது. நுரையீரலின் அடிவரை போகும் இழை தலைமுடியின் பருமனில் இருபதில் ஒரு பங்குகூட இராது. அது காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். அதற்கு வாசனை கிடையாது, இருமலும் வராது.

உள்ளே போன இழையை, கிருமிகளை விழுங்கி அழிக்கும் நம் உடலின் விழுங்கணுக்கள் விழுங்கப் பார்க்கின்றன. நீளம் காரணமாக முடிவதில்லை. இழை கரைவதுமில்லை. ஆண்டுக்கணக்கில் அந்த இடம் புண்ணாகித் தழும்பேறுகிறது. தழும்பு பரவி மூச்சை இறுக்கினால் அது ஆஸ்பெஸ்டோசிஸ். நுரையீரலில் புற்று வரலாம். நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வருவது மீசோதீலியோமா. அது வந்தவர்கள் பிழைப்பது அரிது. கடைக்காரர்கள் சிலர் "இது வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ், ஒன்றும் செய்யாது" என்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வெள்ளை, பழுப்பு, நீலம் என்ற பேதமில்லாமல் எல்லா வகைக் கல்நாரையும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது. பீடி, சிகரெட் பழக்கமும் சேர்ந்துகொண்டால் நுரையீரல் புற்றின் ஆபத்து பல மடங்காகிறது.

இதையெல்லாம் நான் மேஸ்திரியிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "இருபது வருடமாக உடைத்துக்கொண்டிருக்கிறேன் சார், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே!"

அந்த இருபது வருடம்தான் என்னைக் கலங்க வைத்தது. இழை உள்ளே போவதற்கும் நோய் தலைகாட்டுவதற்கும் இடையில் 20 முதல் 40 ஆண்டுகள்வரை ஆகலாம். ஒரே ஒரு நாள் தூளைச் சுவாசித்த என்னைவிட, மாதம் இரண்டு கூரை பிரிக்கும் அவருக்குத்தான் ஆபத்து அதிகம். அதே நேரம், தொழிலாளருக்கு மட்டும் வரும் நோய் என்றும் ஒதுக்க முடியாது. தென்னாப்பிரிக்காவில் வாக்னர் என்ற மருத்துவர் குழுவினருடன் 1960இல் வெளியிட்ட ஆய்வில், சுரங்கத்துக்குள் இறங்கியே இராத, சுரங்கத்தின் அருகில் வாழ்ந்தவர்களும் மீசோதீலியோமா நோயாளிகளாக இருந்தார்கள். கணவரின் வேலைத் துணியைத் துவைத்த மனைவிக்கு இந்த நோய் வந்த கதைகள் மேலை நாடுகளின் மருத்துவப் பதிவுகளில் பல உண்டு. இந்த அளவுவரை பயமில்லை என்று சொல்லத்தக்க எல்லை எதுவும் கண்டறியப்படவில்லை.

பிரிட்டன் 1999இலும் ஆஸ்திரேலியா 2003இன் கடைசி நாளிலும் கல்நாரை முற்றாகத் தடை செய்தன. இந்தியாவில் கல்நாரைத் தோண்டுவதை நிறுத்திவிட்டோம், இறக்குமதி செய்து ஷீட் போடுவதை நிறுத்தவில்லை. இலங்கையின் கதை இன்னும் விசித்திரம். 2018 முதல் கல்நார் இறக்குமதியைக் குறைக்க அந்த நாடு முடிவெடுத்திருந்தது. கல்நாரைப் பெருமளவில் ஏற்றுமதி செய்யும் ரஷ்யா, 2017 டிசம்பரில், தேயிலைச் சரக்கில் வண்டு இருந்ததென்று இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. இலங்கை கல்நார்க் கட்டுப்பாட்டைத் தள்ளிவைத்தது. சில நாட்களில் தேயிலைக்கு வழி திறந்தது. வண்டு என்ன ஆனதோ!

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: பிரிக்கத்தான் வேண்டுமா?

விரிசல் இல்லாமல், உதிராமல், தன் பாட்டுக்குக் கிடக்கும் ஷீட்டால் பெரிய ஆபத்தில்லை. இழைகளைச் சிமெண்ட் பிடித்து வைத்திருக்கிறது. அறுத்தால், துளையிட்டால், தேய்த்தால், உடைத்தால்தான் அவை விடுபடுகின்றன. வெயில் சூடுதான் தொல்லை என்றால் கீழே ஒரு சீலிங் கொடுத்து விட்டுவிடலாம். அதற்கான சட்டத்தைச் சுவரில் பொருத்துங்கள், ஷீட்டில் துளை போடாதீர்கள்.

கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடிக்கிறவர்கள் கவனிக்க வேண்டும். பூச்சு கெடுதல் இல்லை. அதற்கு முன் பாசியைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டுவார்களே, அது கெடுதல். அழுத்தத்தில் நீரைப் பீய்ச்சும் மிஷினும் வேண்டாம். மேல்தோலை அரித்து, இழையைச் சேறாக்கி, பக்கத்து வீட்டுச் சுவர்வரை தெளிக்கும்.

படி 2: அது கல்நார்தானா?

கண்ணால் பார்த்து உறுதி சொல்ல முடியாது. பரிசோதனைக்கூடத்தில் நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும். ஆனால் பழைய, அலை அலையான சிமெண்ட் ஷீட் என்றால் கல்நார்தான் என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். பரிசோதனைக்குக் கொடுக்கும் பணத்துக்கு நல்ல மாஸ்க் வாங்கலாம். ஷீட்டோடு நின்றுவிடாமல், மாடியிலிருந்து இறங்கும் பழைய சிமெண்ட் மழைநீர்க் குழாய், புகைபோக்கி, கழிப்பறையின் காற்றுக் குழாய் ஆகியவற்றையும் பாருங்கள். அவையும் அதே சாதியாக இருக்கலாம்.

படி 3: நாளும் பொருளும்

ஆடியில் செய்யாதீர்கள். அம்மியே பறக்கும் காற்றில் இழை எங்கே போய் விழும் என்று யார் கண்டது? காற்றில்லாத நாளாகப் பார்த்து அதிகாலையில் தொடங்குங்கள். பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அக்கம்பக்கத்தாரிடம் முந்தின நாளே சொல்லி, சன்னலைச் சாத்தி, காயப்போட்ட துணியை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கிணறு, தொட்டியை மூடுங்கள். கூரைக்குக் கீழே உள்ள சாமான்களை அப்புறப்படுத்தி, தரையில் கெட்டியான பாலித்தீன் ஷீட்டை விரியுங்கள்.

மாஸ்க்கில் கஞ்சத்தனம் கூடாது. வாயில் கட்டும் துண்டும் மருத்துவமனை மாஸ்க்கும் பயனற்றவை. என்-95 இந்த வேலைக்கு உகந்ததில்லை. பி-100 அல்லது பி-3 வடிகட்டி பொருத்திய ரப்பர் அரைமுக மாஸ்க்கை ஆளுக்கு ஒன்றாக வாங்குங்கள். தாடி இருந்தால் மாஸ்க் முகத்தோடு ஒட்டாது. எங்கள் மேஸ்திரி கோயிலுக்கு வேண்டிக்கொண்டு தாடி வளர்த்துக்கொண்டிருந்தார். முடி இறக்கும்வரை பத்து நாள் காத்திருந்தோம். கூரை எங்கும் ஓடிவிடவில்லை.

படி 4: நனைப்பது

முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். கூரைக்கடியில் ஓடும் பழைய ஒயரும் தண்ணீரும் சேர்ந்தால் கல்நாருக்கு முன்னால் மின்சாரம் உயிரை வாங்கிவிடும்.

செடிக்கு மருந்தடிக்கும் ஸ்பிரேயர் போதும். வெறும் தண்ணீர் ஷீட்டின் மேல் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும். விவசாயிகள் வேப்பெண்ணெய்க் கரைசலில் காதி சோப்பைக் கலப்பார்கள் இல்லையா, அதே யுக்திதான் இங்கேயும். ஒரு டேங்க் தண்ணீரில் ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட் ஒன்றைக் கலந்தால் நீர் பரவி உள்ளே ஊறும். மெல்லிய தூறலாக மேலும் கீழும் அடித்து, கால் மணி நேரம் ஊறவிட்டு, மறுபடி அடியுங்கள். வேலை முடியும்வரை ஒருவர் ஸ்பிரேயரைக் கீழே வைக்கவே கூடாது. எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பு எனக்கு. வேறு வேலை எதுவும் நான் செய்யவில்லை.

படி 5: கழற்றுவது

ஷீட்டின் மேல் யாரும் கால் வைக்கக் கூடாது. நுரையீரல் நோய்க்கு இருபது வருடம் ஆகும். பழைய ஷீட் காலடியில் முறிந்து ஆள் விழுவதற்கு ஒரு நொடி போதும். பாசி மூடிய ஷீட்டில் விரிசல் தெரியாது. கீழிருந்து சாரம் கட்டித்தான் வேலை செய்ய வேண்டும்.

முகட்டு ஓட்டை முதலில் எடுங்கள். ஷீட்டுகளை மேல் வரிசையிலிருந்து கீழ்நோக்கிக் கழற்றுங்கள். மேல் ஷீட் கீழ் ஷீட்டின் மேல் ஏறி உட்கார்ந்திருப்பதால் வேறு வழியில் போனால் உடையும். ஷீட்டைக் கூரைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் கொக்கி வடிவ ஜே போல்ட்டின் நட்டுகள் துருப்பிடித்து இறுகியிருக்கும். இங்கேதான் எல்லோருக்கும் பொறுமை போகும், சுத்தியல் கைக்கு வரும். முந்தின நாளே நட்டுகளில் ஆயில் விட்டு வையுங்கள். அப்படியும் திரும்பாவிட்டால் ஷீட்டுக்கு அடியில் தெரியும் போல்ட்டின் தண்டைக் கட்டரால் நறுக்குங்கள், அல்லது ஆக்சா பிளேடால் அறுங்கள். கட்டிங் மிஷினை வீட்டு வாசலுக்கே கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது ஒரு நிமிடத்தில் கிளப்பும் தூளைக் கையால் நாள் முழுக்க வேலை செய்தும் கிளப்ப முடியாது.

போல்ட் விடுபட்ட ஷீட்டை மேலே இருவர், கீழே இருவராகக் கைமாற்றி இறக்க வேண்டும். இழுக்காதீர்கள், எறியாதீர்கள். எங்களிடம் பதினான்கு ஷீட்டில் ஒன்று முறிந்தது. முறிந்த இடத்தில் உடனே தண்ணீர் அடித்து, ஈரத் துணி போட்டு மூடினோம்.

படி 6: எங்கே போடுவது?

கெட்டிப் பாலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி, டேப் ஒட்டி, "கல்நார், உடைக்காதே" என்று பெரிதாக எழுதுங்கள். நம் ஊரில் இந்தப் படிதான் நொண்டுகிறது. 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின் பட்டியலில் கல்நார்க் கழிவு இருக்கிறது. அதைப் புதைப்பதற்குரிய பாதுகாப்பான கிடங்கு தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. ஒரு வீட்டின் பத்துப் பதினைந்து ஷீட்டை வாசலில் வந்து வாங்கிப்போகத்தான் ஆளில்லை. உள்ளாட்சி அலுவலகத்திலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திலும் எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை, மிதிபடாத மூலையில் படுக்க வைத்து மூடி வையுங்கள்.

பழைய ஷீட்டைப் பாதி விலைக்கு வாங்க ஆள் வரும். நான் கொடுக்கவில்லை. அது ஆட்டுக் கொட்டகைக்கோ குளியலறைத் தடுப்புக்கோ போய், அங்கே மறுபடி அறுபடும். துண்டுகளைத் தரை நிரவப் போடுவதும் கூடாது. அடுப்புக்குக் காற்றுமறைப்பாக வைப்பதும் கூடாது. கல்நார் எரியாது என்பது உண்மைதான். ஆனால் ஷீட் சூடேறினால் பட்டாசுபோல் வெடித்துச் சிதறும். சிறுவயதில் வேண்டுமென்றே நெருப்பில் போட்டு வேடிக்கை பார்த்தவர்களில் நானும் ஒருவன்.

படி 7: துடைப்பத்தை ஒளித்து வையுங்கள்

நிஜமாகவே ஒளித்து வையுங்கள். வேலை முடிந்ததும் வீட்டுப் பெண்களில் யாராவது பழக்கத்தில் பெருக்க வந்துவிடுவார்கள். படிந்த தூளை மறுபடி காற்றில் எழுப்ப அதைவிடச் சிறந்த கருவி கிடையாது. சாதாரண வாக்குவம் கிளீனரும் அதே வேலையைத்தான் செய்யும். விரித்த பாலித்தீனை நனைத்து, உள்பக்கமாகச் சுருட்டி, ஷீட்டோடு சேர்த்துக் கட்டுங்கள். தரை, சுவர், சன்னல் கம்பி எல்லாவற்றையும் ஈரத் துணியால் துடையுங்கள். துணியை அலசி மறுபடி பயன்படுத்தாதீர்கள். அதுவும் மூட்டைக்குள் போகட்டும்.

படி 8: குளியல்

பழைய சட்டையையும் கைலியையும் நனைத்துக் கழற்றி மூட்டையில் போடுங்கள். மாஸ்க்கைக் கடைசியில் கழற்ற வேண்டும். தலைக்குக் குளித்த பிறகுதான் பிள்ளையைத் தூக்குவது, சாப்பிடுவது எல்லாம். மேஸ்திரியும் அவருடைய ஆட்களும் எங்கள் வீட்டிலேயே குளித்து, மாற்றுடை உடுத்திக்கொண்டுதான் போனார்கள். முதலில் கூச்சப்பட்டார்கள். "வேலைத் துணியை அங்கே யார் துவைப்பது?" என்று கேட்டேன். "சம்சாரம்தான்" என்றார் மேஸ்திரி. அதற்குப் பிறகு அவர் மறுக்கவில்லை. மாஸ்க்குகளை அவர்களிடமே கொடுத்துவிட்டேன், மாற்று வடிகட்டிகளோடு.

முன்பு ஒருமுறை என்னைப்போல் தூளைச் சுவாசித்துவிட்டவர்கள் நாளைக்கே எக்ஸ்ரே எடுக்க ஓட வேண்டாம். அதில் இப்போது எதுவும் தெரியப்போவதில்லை. புகைப்பவராக இருந்தால் அதை விடுவதுதான் கையில் இருக்கும் பெரிய மருந்து. மூச்சுத் தொல்லைக்காக எப்போது மருத்துவரிடம் போனாலும், கல்நார்த் தூளில் வேலை செய்ததைக் கேட்காமலே சொல்லுங்கள். கல்நார் ஆலைத் தொழிலாளரின் உடல்நலப் பதிவுகளை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 40 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் உத்தரவிட்டது. நம் மேஸ்திரிகளுக்கு அப்படி எழுதி வைக்க ஆலை இல்லை. அதனால் எங்கள் வீட்டு வரவு செலவு நோட்டின் பின்னட்டையில் நானே எழுதி வைத்திருக்கிறேன்: தேதி, பதினான்கு ஷீட், முறிந்தது ஒன்று, வேலை செய்தவர்கள் நால்வரின் பெயர். மேஸ்திரிக்கும் ஒரு பிரதி கொடுத்தேன். மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.