பெய்ஜிங் கோடை அரண்மனை: தனி கைடு வைத்துப் பார்ப்பது எப்படி?

போன அக்டோபரில் நானும் மனைவியும் பெய்ஜிங் போயிருந்தோம். கொடி பிடித்தவர் பின்னால் நாற்பது பேரோடு ஓடப் பிடிக்காமல், கோடை அரண்மனைக்கு மட்டும் அரை நாள் தனி கைடு வைத்துக்கொண்டோம். விசா, விமானம் பற்றி எழுதப் போவதில்லை. அவை உங்களுக்கே தெரியும்.

1. கைடு அமர்த்துதல்

'சம்மர் பேலஸ்' என்று மட்டும் சொல்லாதீர்கள். 'யீஹயுவான்' என்று கேளுங்கள். பக்கத்திலேயே யுவான்மிங்யுவான் என்ற பழைய கோடை அரண்மனை இருக்கிறது. 1860-இல் ஆங்கிலேய, பிரெஞ்சுப் படைகள் இரண்டையுமே எரித்தன. யீஹயுவானைப் பேரரசித் தாய் சிஷி திரும்பக் கட்டினார். மற்றது பெரும்பாலும் இடிபாடு. உரிமம் உள்ள கைடா என்று பாருங்கள். 'தேநீர்க் கடைக்கோ பட்டுக் கடைக்கோ கூட்டிப் போகக் கூடாது' என்பதையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

2. சீட்டு

பாஸ்போர்ட் எண் கொடுத்து முன்பதிவு செய்ய வேண்டும். அதைக் கைடிடமே விட்டுவிடுவது நல்லது. உள்ளே தனிச்சீட்டுக் கேட்கும் இடங்களையும் சேர்த்த சீட்டாக வாங்கச் சொல்லுங்கள். அசல் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

3. வாசல் (நான் சறுக்கிய இடம்)

கைடு 'கிழக்கு வாசல்' என்று தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். நான் மெட்ரோ படத்தைப் பார்த்து, நான்காம் தடத்தில் பெய்கொங்மென் நிலையத்தில் இறங்கிவிட்டேன். அந்தப் பெயருக்கே 'வடக்கு அரண்மனை வாசல்' என்றுதான் அர்த்தமாம்! அந்த வழியாகப் போனால் எடுத்த எடுப்பிலேயே உள்ளே இருக்கும் மலையின் முதுகில் ஏற வேண்டும். எங்கள் கைடோ கிழக்கில் காத்திருக்கிறார். வெளிச்சுவரை ஒட்டி நடந்து போய்ச் சேர்வதற்குள் வாங்கிய நேரத்தில் முக்கால் மணி போயிற்று.

நீங்கள் அதற்கு முந்தைய நிலையமான ஷீயுவானில் இறங்குங்கள். கிழக்கு வாசல் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். உள்ளேயும் பாதை பெரும்பாலும் சமதரை. வாசலின் பெயரைச் சீன எழுத்தில் அனுப்பச் சொல்லி ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள்.

4. உள்ளே போகும் வரிசை

தர்பார் மண்டபம், யூலான்தாங் என்ற மாளிகை, நீள் நடைக்கூடம், மலைமேல் புத்தர் கோபுரம், பளிங்குப் படகு, அங்கிருந்து படகில் தீவு, பிறகு பதினேழு கண் பாலம். இந்த வரிசையில் போனால் போன வழியே திரும்ப வேண்டியதில்லை. இடம் சுமார் 290 ஹெக்டேர், அதில் முக்கால் பங்கு தண்ணீர். எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் கால்தான் வலிக்கும்.

யூலான்தாங்கில் நின்று பாருங்கள். பக்கத்து அறையின் கதவு திறந்திருக்கும். எட்டிப் பார்த்தால் உடனே சாம்பல் நிறச் செங்கல் சுவர். பேரரசர் குவாங்சுவின் 1898 சீர்திருத்த முயற்சி தோற்றபின் சிஷி அவரை இங்கே அடைத்துவைத்தபோது எழுப்பியது. எங்கள் கைடு கதை சொல்லாமல் அந்தச் சுவரைக் கைகாட்டிவிட்டுச் சும்மா நின்றார். அவருக்குக் கொடுத்த காசு அந்த ஒரு நிமிடத்துக்கே சரியாகிவிட்டது.

நடைக்கூடம் 728 மீட்டர். உத்தரங்களில் ஆயிரக்கணக்கில் ஓவியங்கள். 'உங்களுக்குப் பிடித்த மூன்று கதை மட்டும் சொல்லுங்கள்' என்று கேளுங்கள், கழுத்து தப்பிக்கும். பளிங்குப் படகில் அடித்தளம்தான் கல். மேல்மாடம் மரம், பளிங்குபோல் சாயம் பூசியது.

5. பணம்

ஃபோனிலேயே பணம் கட்டும் செயலிகளான அலிபே, வீசாட் இரண்டில் எனக்கு அலிபேதான் வசதி. ஊரிலிருந்து கிளம்பும் முன்பே உங்கள் கார்டை இணைத்துவிடுங்கள். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவைக்க மறந்துவிட்டு அங்கே போய் விழிக்காதீர்கள்.

பிற்சேர்க்கை: படித்த ஒருவர், பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருப்பதால் முன்பதிவுப் படிவம் ஏற்கவில்லை என்று எழுதியிருந்தார். நம்மில் பாதிப் பேருக்கு இதே கதிதான். அந்தப் பக்கத்தைப் படமெடுத்துக் கைடுக்கு முன்பே அனுப்பி, பெயர் அதில் உள்ளபடியே பதிவாகியிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொருவர் டிசம்பரில் போகிறாராம். ஏரி உறைந்துவிட்டால் படகு ஓடாது, தீவுக்கு நடைதான். ஆனால் ஆண்டின் மிகக் குறுகிய பகல் வரும் டிசம்பர் 21, 22-ஐ ஒட்டிய நாட்களில், மாலை வெயில் பாலத்தின் கண்கள் எல்லாவற்றுக்குள்ளும் புகுந்து பொன்னிறமாக அடிக்கும். படமெடுக்கிறவர்கள் வெகு முன்னாலேயே முக்காலியோடு கரையில் இடம்பிடித்துவிடுவார்கள். அப்படியானால் கைடை மதியத்துக்குப் பேசுங்கள், காலைக்கு வேண்டாம்.