செக் என்ஜின் லைட் எரிகிறதா? சென்ஸாரை மாற்றும் முன் இசியு (என்ஜினின் கம்ப்யூட்டர்) எழுதிவைத்ததைப் படியுங்கள்

டாஷ்போர்டில் மஞ்சளாக என்ஜின் படம் எரிந்தால் மெக்கானிக் ஷெட்டில் முதலில் கிடைக்கும் பதில், "சென்ஸார் போயிருக்கு சார், மாத்திடலாம்". பி0171 என்ற கோளாறு எண் (கோடு) வந்த என் வண்டிக்கும் அதையேதான் சொன்னார்கள். ஆக்ஸிஜன் சென்ஸார் நன்றாகவே இருந்தது. இன்டேக் பக்கம் ஒரு வேக்குவம் ஹோஸ் வெடித்திருந்தது. அதைக் கண்டுபிடித்த வழி இது. பெட்ரோல் வண்டிக்கு மட்டும்.

இசியு செய்வது கணக்கு. உள்ளே போகும் காற்றை அளந்து, 14.7 கிராம் காற்றுக்கு 1 கிராம் பெட்ரோல் என்று இன்ஜெக்டரைத் திறக்கும். புகையில் ஆக்ஸிஜன் மிச்சமிருப்பதாக சென்ஸார் சொன்னால் பெட்ரோலைக் கூட்டும், இல்லாவிட்டால் குறைக்கும். இந்தக் கூட்டல் கழித்தலுக்குப் பெயர் ஃப்யூயல் டிரிம். கூட்டிக்கொண்டே போய் எல்லை தாண்டினால் விளக்கைப் போட்டு பி0171 என்று எழுதிவைக்கும். காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை என்பதோடு அதன் பேச்சு முடிந்தது. எந்தப் பாகம் கெட்டது என்று அதற்கே தெரியாது.

படி 1: டாங்கிள். வண்டியின் சாக்கெட்டில் செருகி இசியுவைப் போனோடு பேசவைக்கும் குட்டிக் கருவி இது. இஎல்எம்327 சிப் உள்ள ப்ளூடூத் டாங்கிள் போதும். அசல் சிப்பைச் செய்த கனடா நிறுவனம் 2022இல் மூடிவிட்டது, கடையில் கிடைப்பதில் பெரும்பாலும் நகல்தான். '2.1' என்று போட்ட குட்டி நீல டாங்கிளை வாங்காதீர்கள், பாதிக் கட்டளைகளுக்குப் பதிலே வராது. '1.5' என்ற பதிப்பை அந்த நிறுவனம் வெளியிட்டதே இல்லை, ஆனாலும் அந்தப் பெயரில் வரும் நகல்கள் தேவலை. வைஃபை டாங்கிள் எனக்குப் பிடிக்காது. போனில் இன்டர்நெட் போய்விடும். ஐபோன்காரர்களுக்கு மட்டும் வைஃபை அல்லது ப்ளூடூத் எல்இ.

படி 2: ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் பக்கம் 16 பின் உள்ள ஓபிடி சாக்கெட் (கோளாறு பார்க்கும் சாக்கெட்) இருக்கும். நாடு முழுக்க பிஎஸ்4 புகை விதி வந்த 2017 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற கார் என்றால் சந்தேகமே வேண்டாம். செருகுங்கள்.

படி 3: இங்கேதான் பலரும் மாட்டுகிறார்கள். டாங்கிளில் லைட் எரியும், போனோடு ப்ளூடூத்தில் இணையும் (பின் நம்பர் 1234 அல்லது 0000), ஆனால் ஆப் 'இசியு இணைப்பு இல்லை' என்று நிற்கும். காரணம், சாக்கெட்டின் 16ஆம் பின்னில் பேட்டரி கரன்ட் எப்போதும் வரும்; இசியு விழிப்பது இக்னிஷன் ஆன் ஆனால்தான். சாவி வண்டியில் ஸ்டார்ட்டுக்கு முந்தைய நிலை வரை திருப்புங்கள். புஷ் ஸ்டார்ட் வண்டியில் பிரேக்கையோ கிளட்சையோ மிதிக்காமல் பட்டனை இரண்டு முறை அழுத்துங்கள். ஒருமுறை அழுத்தினால் பாட்டு மட்டும்தான் பாடும்.

அதே காரணத்தால், வேலை முடிந்ததும் டாங்கிளைக் கழற்றிவிடுங்கள். வண்டி பல நாள் நின்றால் பேட்டரியைக் குடித்துவிடும்.

படி 4: ஆப் என் தேர்வு கார் ஸ்கேனர். கோடு எண்ணையும், அது பதிவான நொடியின் அளவுகளாக அதோடு சேமித்த ஃப்ரீஸ் ஃப்ரேமையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அழித்துவிடாதீர்கள், கோடு போனால் ஃப்ரீஸ் ஃப்ரேமும் போய்விடும்.

படி 5: என்ஜினை ஸ்டார்ட் செய்து சூடாக விடுங்கள். ஆப்பின் டெர்மினலில் (கட்டளை அடிக்கும் திரை) 0105 அடித்தால் '41 05 82' மாதிரி பதில் வரும். கடைசி 82 பதினாறடிமான (ஹெக்ஸ்) எண், நம் கணக்கில் 8×16+2, அதாவது 130. அதில் 40 கழித்தால் கூலன்ட் வெப்பம் 90 டிகிரி. ஆப் காட்டும் எல்லா மீட்டருக்கும் பின்னால் நடப்பது இந்தக் கேள்வி பதில்தான்.

படி 6: லாங் டெர்ம் (இசியு பழகிவைத்த திருத்தம்), ஷார்ட் டெர்ம் (அந்த நொடியின் திருத்தம்) டிரிம் இரண்டையும் திரையில் வையுங்கள். பிளஸ் மைனஸ் 10 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. என் வண்டியில் ஐடிலில் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல்) லாங் டெர்ம் பிளஸ் 22. ஆக்ஸிலரேட்டரை 2500 ஆர்பிஎம்மில் பிடித்ததும் இரண்டின் கூட்டுத்தொகை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. ஓட்டை வழியாக வரும் திருட்டுக் காற்று ஐடிலில் பெரிய பங்கு. என்ஜின் நிறையக் காற்று இழுக்கும்போது அது ஒன்றுமில்லை. தலைகீழாக, லோடு ஏற ஏற டிரிம் கூடினால் ஃப்யூயல் பம்ப், ஃபில்டர், காற்றளவு சென்ஸார் பக்கம் பாருங்கள்.

பிறகு ஐடிலில் வைத்து, ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் கை தள்ளியே இருக்க, ஹோஸ்களை ஒவ்வொன்றாக நெரியுங்கள். ஓட்டை ஹோஸை நெரித்ததும் ஷார்ட் டெர்ம் டிரிம் சடாரென்று விழும். கார்ப் கிளீனர் (கார்புரேட்டர் கழுவும் ஸ்ப்ரே) அடித்து ஓட்டை தேடும் வித்தையை சூடான என்ஜினில் செய்யாதீர்கள், தீப்பிடிக்கும்.

பின்சேர்க்கை: ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகளை இதில் பார்க்க முடியவில்லை என்று கமென்டில் சிலர் எழுதியிருந்தார்கள். அவற்றுக்குத் தனித்தனி இசியு. பொது ஓபிடி கட்டளைகள் என்ஜின் பக்கத்துக்கானவை. அந்தக் கம்பெனி வண்டிக்கான ஸ்கேனர் வேண்டும்.

இன்னொருவர் ஹோஸ் வெடித்தும் டிரிம் ஏறவில்லை என்றார். அவர் வண்டியில் காற்றை நேரடியாக அளக்கும் எம்ஏஎஃப் கிடையாது, அழுத்தம் பார்க்கும் எம்ஏபி மட்டும். திருட்டுக் காற்றும் அழுத்தக் கணக்கில் சேர்ந்துவிடுவதால் இசியு அதற்கும் பெட்ரோல் ஊற்றிவிடும். அப்படிப்பட்ட வண்டியில் டிரிம்மை விட்டுவிட்டு, ஐடில் ஆர்பிஎம் வழக்கத்தைவிட ஏறி நிற்கிறதா என்று பாருங்கள்.